ஊசி போடலாமா, சாமி?

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், ஆலயத்தின் பக்க வாயிலருகே நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் ஒன்பது வயது மகனுடன் நின்றுகொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்திருக்கிறார் போலும் என்று எண்ணி அருகே சென்றோம். அவரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சாமி, எங்க வீட்டு மணிக்கு ரொம்ப முடியலை. ஊசி போட்டு முடிச்சுடலாம்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்றாரு. போடலாமா, சாமி? பாவம் ஆயிடாதா?"

மணி அவர்கள் வீட்டு நாய். 13 ஆண்டுகளுக்கு முன், மழையில் நனைந்து அவர்கள் திண்ணையில் ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி. மகன் பிறப்பதற்கு முன்பே அவ்வீட்டில் இடம்பிடித்துக்கொண்டது. வனத்து அந்தோணியார் திருநாளாகிய சனவரி 17 அன்று ஆடுமாடுகளோடு அதையும் ஆலய முற்றத்திற்கு அழைத்து வருவார்கள். தீர்த்தம் தெளித்து மந்திரித்தவர் நாமே.

இப்போது அதன் சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன. முதலில் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது. பின் உணவை வெறுத்தது, வாந்தி எடுத்தது, வாயெல்லாம் புண்ணாயிற்று. சிறுநீரகங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறும் என்பதால், நோய் கண்டறியப்பட்டபோதே காலம் கடந்துவிட்டது. பத்து நாள்கள் சலைன் ஏற்றியும் பயனில்லை. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். முடிவு அத்தாயின் தலைமேல் வந்து நின்றது.

நாம் வாய்திறக்குமுன் சிறுவன் கேட்டான்: "அப்ப அப்பாயிக்கும் ஊசி போட்டுடுவாங்களா, சாமி?"

அவன் அப்பாயி, அதாவது தந்தையின் தாய், இடுப்பெலும்பு முறிந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். தாய் பதறிப்போய் மகனின் வாயைப் பொத்தினார். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவன் கண்களில் அச்சம் இருந்தது. மறுநாள் வீட்டிற்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தோம்.

ஒரு நாயைப் பற்றிய கேள்வியை எல்லாம் குருவிடம் கொண்டுவருவார்களா என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கவில்லை. இதே கேள்விக்கு நாம் ஒருமுறை தவறான விடை கொடுத்ததுண்டு.

ஆற்றங்கரையில் ஒரு பாடம்

குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினோம். பங்கு இல்லத்தைக் காத்துவந்த நாய் ஒருநாள் பேருந்தில் அடிபட்டது. பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. சில நாள்களில் புண்ணில் புழு வைத்தது. கால்நடை மருத்துவரை அழைத்து அதன் துன்பத்தை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். "உயிரைக் கொடுத்தவர் கடவுள், எடுக்கவேண்டியவரும் அவரே" என்று நாம் மறுமொழி கூறினோம். வேதசாத்திரம் படித்து வந்த செருக்கு அப்போது நம்மிடம் சற்று மிகுதியாகவே இருந்தது.

நாற்றம் பொறுக்கமாட்டாத சமையற்காரர், ஓர் இரவு அதைச் சாக்கில் கட்டி மிதிவண்டியில் கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவிட்டார். காலையில் நாய் இல்லை. எங்கே என்று நாம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே நம் குற்றம். மூன்றாம் நாள் உபதேசியார் வந்து, "சாமி, நம்ம நாய் ஆத்தோரத்துல இன்னும் உசுரோட கெடக்குது" என்றார். ஓடினோம். நம்மைக் கண்டதும் அது வாலை அசைத்தது. அன்று மாலை இறந்தது.

கொன்ற பாவம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டோம். அந்த ஒதுங்கலின் விலையை அது மூன்று நாள்கள் வெயிலில் கிடந்து செலுத்திற்று. நம் ஊர்களில் இவ்வாறு நடப்பது அரிதன்று. நோயுற்ற நாயைச் சந்தைப் பேட்டையிலோ, அயலூர்ச் சாலையிலோ இறக்கிவிட்டு வந்து, 'நான் கொல்லவில்லை' என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் பலர். பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி குற்றமாகும். மனச்சான்றின் சட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம்.

ஒரே சொல், வேறு செயல்கள்

நம் தமிழில் 'கருணைக்கொலை' என்றொரு சொல் வழங்குகிறது. கருணையும் கொலையும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மனிதருக்கும் அதே சொல், நாய்க்கும் அதே சொல். அச்சிறுவன் குழம்பியதில் வியப்பில்லை. பெரியோரும் இதில் இடறியிருக்கிறார்கள்.

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீரா நோயுற்று வேதனையில் துடித்தது. புரண்டு படுக்கவும் அதனால் இயலவில்லை. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து ஆலோசித்தார், சிலர் மறுத்தனர். இறுதியில் மருத்துவரைக்கொண்டு, தம் முன்னிலையிலேயே ஊசி போடச் செய்து அதன் துன்பத்தை முடித்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் தம் இதழில் அச்செயலை மறைக்காமல் எழுதி, அது அகிம்சைக்கு முரணன்று என்று வாதாடினார். கன்றைப் பொறுத்தவரை அவர் வாதத்தோடு உடன்படுகிறோம். ஆனால் மாற்றுவழியே இல்லாத நிலையில் அதே நெறி மனிதருக்கும் பொருந்தும் என்று அவர் மேலும் சென்றார். அவ்விடத்தில் திருச்சபை அவரைப் பின்தொடர இயலாது. அண்ணலின் தூய நோக்கத்தை ஐயுறாமலே இதைச் சொல்கிறோம்.

ஏன் இந்த வேறுபாடு? புனித தாமஸ் அக்குவினாஸ் உயிர்களை மூன்று நிலைகளாகப் பகுத்துரைத்தார். செடிகொடிகளுக்கு வளரும் உயிர். விலங்குகளுக்கு உணரும் உயிர். மனிதருக்கோ உடல் அழிந்தும் அழியாத அறிவுள்ள ஆன்மா. நாய் உண்மையாகவே வலியை உணர்கிறது. அதை எந்திரம் என்று எண்ணுவது பிழை. எனினும் அது இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்ட ஆளன்று. மனிதரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட படைப்பு.

அப்பொறுப்பு கொடுங்கோன்மையன்று. தொடக்க நூலில் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிடுகிறான். பெயரிடுவது உறவின் அடையாளம். வெள்ளத்திற்குப் பின் நோவாவோடு இறைவன் செய்த உடன்படிக்கையில் விலங்குகளும் பங்குபெறுகின்றன. நீதிமான் தன் கால்நடையின் தேவையை அறிந்தவன் என்று நீதிமொழிகள் நூல் (12:10) கற்பிக்கிறது. இளைஞன் தோபியா வானதூதரோடு வழிநடந்தபோது வீட்டு நாயும் உடன் சென்றது என்பதைக்கூடத் தோபித்து நூல் பதிவுசெய்ய மறக்கவில்லை.

1992-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் இப்பொருளைப் பேசுகிறது. அதன் சாரம் இது: விலங்குகளிடம் நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு எதிரானவை. அதே வேளையில், மனிதரின் துயர்துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றுக்குத் திருப்பிவிடுவதும் தகாது.

'தேவையின்றி' என்ற சொல்லில் நிற்போம். குணமாக்க வழியில்லை, வலியை அடக்கவும் வழியில்லை என்ற நிலையில், நோவின்றி அதன் முடிவை விரைவுபடுத்துவது தேவையற்ற சாவன்று. பொறுப்பாளர் செய்யும் கடைசிப் பணிவிடை அது. ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு நம் விடை: பாவமன்று. ஆனால் அம்முடிவு நாயின் பொருட்டு எடுக்கப்பட்டதா, நம் பொருட்டா என்பதை மனச்சான்று ஆராய்ந்தாக வேண்டும்.

எவை காரணமாகா?

நாய்க்கு வயதாகிவிட்டது, இனித் திருடனைக் கண்டால் குரைக்காது என்பது காரணமன்று. வாடகை வீடு மாறுகிறோம், மகளிடம் வெளிநாடு செல்கிறோம் என்பதும் காரணமன்று. வேறு வீடு தேடிக் கொடுக்க வேண்டும். கண் தெரியாத நாயும் மூன்று கால் நாயும் பல ஆண்டுகள் மகிழ்ச்சியாக வாழ்வதுண்டு. மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் மருந்துண்டு.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். பிள்ளையின் பள்ளிக்கட்டணத்தையும் மாமியாரின் மருந்துச் செலவையும் நிறுத்தி நாய்க்குப் பெருஞ்செலவில் சிகிச்சை செய்யும் கடமை எவருக்கும் இல்லை. அது இயலாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அரசு கால்நடை மருத்துவமனைகள் ஏழைகளுக்காகவே இருக்கின்றன. 1903-இல் தொடங்கப்பட்டுச் சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தொலைவிலிருந்தும் நோயுற்ற நாய்களைக் கொண்டுவருகிறார்கள். முதலில் மருத்துவரிடம் காட்டாமல் முடிவெடுக்கலாகாது.

எப்போது என்று எப்படி அறிவது?

நாய் தன் வலியை மறைக்கும் இயல்புடையது. அழவில்லை என்பதால் வலியில்லை என்று எண்ணவேண்டாம். படுத்திருக்கும்போதே மூச்சிரைத்தல், முதுகை வளைத்து நிற்றல், இருண்ட மூலையில் ஒளிதல், தொட்டால் சீறுதல், தன்னைத் தான் நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துதல் ஆகியவை வலியின் அடையாளங்கள். வலி கண்டு இரங்கி நம் வீட்டு மாத்திரைகளைக் கொடுத்துவிடவும் கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலை அழிக்கும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 10 வரை மதிப்பெண்.

1. வலி கட்டுக்குள் இருக்கிறதா? மூச்சு எளிதாக விடுகிறதா?
2. போதிய அளவு உண்கிறதா?
3. உடலில் நீர் வற்றாமல் இருக்கிறதா?
4. தூய்மையாக வைத்திருக்க முடிகிறதா?
5. வீட்டாரைக் கண்டு மகிழ்கிறதா?
6. எழுந்து நடமாடுகிறதா?
7. கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியாக உள்ளனவா?

கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருப்பின் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கருத்து. எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டியதில்லை. மருத்துவரோடு பேசுவதற்கு அது துணை. ஏழாவது கேள்விக்கு விடை காண எளிய வழியொன்று உண்டு. ஒவ்வோர் இரவும் நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் இடுங்கள். நேற்று வாலாட்டியது என்ற ஒரு நினைவைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் இயல்பு. நாட்காட்டி நம்மை ஏமாற்றாது.

வெறிநோய் மட்டும் இவற்றுக்கெல்லாம் விலக்கு. அறிகுறிகள் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. வெறிநோய் என்ற ஐயம் எழுந்தால் நாயைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வாறு நிகழ்கிறது?

அறியாமையே அச்சத்தைப் பெருக்குகிறது. மருத்துவர் பெரும்பாலும் முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போடுவார். நாய் அயர்ந்தபின், முன்னங்காலின் இரத்தக்குழாயில் மயக்கமருந்தை மிகை அளவில் செலுத்துவார். சில நொடிகளில் உணர்வு போய்விடும். பிறகு மூச்சும், அதன்பின் இதயமும் நிற்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடியும். கண்கள் மூடாமல் இருக்கலாம், உயிர் போனபின் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், சிறுநீர் கழியலாம். இவை வலியின் அடையாளங்கள் அல்ல. நஞ்சு கலந்த சோறு, தடியடி போன்ற கொடிய வழிகள் சட்டத்திற்கும் அறத்திற்கும் விரோதமானவை.

கூடுமானவரை வீட்டார் அருகில் இருங்கள். பழகிய குரலும் பழகிய கையும் அதற்கு ஆறுதல். உடலைக் குப்பைமேட்டில் எறியாதீர்கள். உடலில் தங்கிய மருந்து, அதைத் தின்னும் காகத்தையும் பிற நாய்களையும் கொல்லக்கூடும். கிணற்றுக்கு எட்ட, ஆழமான குழியில் புதையுங்கள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். 'தூங்கவைத்துவிட்டார்கள்' என்று கேட்ட பிள்ளை இரவில் தான் தூங்கப் பயப்படும். 'ஓடிப்போய்விட்டது' என்று கேட்ட பிள்ளை வாசலில் காத்துக்கொண்டே இருக்கும். நோய் தீராது, வலி நிற்காது, ஆகவே அதன் சாவை நோவில்லாததாகச் செய்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அப்பாயி சொன்ன விடை

மறுநாள் சொன்னபடி அவ்வீட்டிற்குச் சென்றோம். மணி கோணிப்பையின்மேல் கிடந்தது. தலையைத் தூக்கவும் இல்லை. உள்ளே கட்டிலில் அப்பாயி. நோயாளிகளுக்குரிய நற்கருணை வழங்கியபின், சிறுவனின் கேள்விக்கு விடைசொல்ல முனைந்தோம். நம் பாடநூல் மொழி அவனுக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி அவனை அருகே அழைத்தார்.

"அது வாயில்லாச் சீவன்டா. எனக்கு வலிச்சா உங்கம்மாவைக் கூப்பிடுவேன். ராத்திரி முழிப்பு வந்தா செபமாலை சொல்லுவேன். சின்ன வயசுல உன் தாத்தாவோட சண்டை போட்டதுக்கெல்லாம் இப்பத்தான் மனசு நொந்து சாமிகிட்ட மன்னிப்புக் கேக்குறேன். எனக்கு இன்னும் வேலை இருக்கு. மணிக்கு நாளைக்குன்னு ஒண்ணு தெரியாது. இன்னிக்கு வலிக்குதுன்னு மட்டுந்தான் தெரியும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் நமக்குக் கற்பித்ததில்லை. ஒன்றை மட்டும் நாம் சேர்த்துச் சொன்னோம். நாளை அப்பாயி பேச்சிழந்தாலும், பேரனையே மறந்துபோனாலும், அவர் இறைவனின் மகளாகவே இருப்பார். அவர் உயிரின் மதிப்பு அவரால் என்ன செய்ய இயலும் என்பதைப் பொறுத்ததன்று. ஆகவேதான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980-இல் வெளியிட்ட அறிக்கையும், 1995-இல் வெளிவந்த 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலும் மனிதரிடத்தில் கருணைக்கொலையை முற்றாக விலக்குகின்றன. வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், பயனற்ற பெரும் சிகிச்சைகளை மறுக்கலாம், உயிரை எடுக்கலாகாது. நாயிடம் நாம் பொறுப்பாளர்கள். மனிதரிடமோ உடன்பிறந்தோர்.

அச்சிறுவன் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிரவு அவன் அவர் கட்டிலருகே பாய்விரித்துப் படுத்தான் என்று தாய் பின்னர் சொன்னார்.

மூன்று நாள்கள் அவர் நாட்காட்டியில் குறியிட்டார். மூன்றும் பெருக்கல் குறிகள். கணவரோடு தொலைபேசியில் பேசினார். நான்காம் நாள் மருத்துவர் பணி முடிந்து வீட்டிற்கே வந்தார். தாய் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சிறுவன் முதுகை வருடினான். நாமும் சென்றிருந்தோம். முற்றத்தைப் பார்க்க வசதியாக அப்பாயியின் கட்டிலை வாசல் ஓரம் நகர்த்தியிருந்தார்கள்.

கொய்யா மரத்தடியில் குழி வெட்டியிருந்தது. விலங்குகளுக்கு அடக்கச் சடங்கு திருச்சபையில் இல்லை, நாமும் நடத்தவில்லை. இத்தனை ஆண்டுகள் துணையாயிருந்த படைப்புக்காக இறைவனுக்கு நன்றி சொல்லி நின்றோம். அப்பாயி கட்டிலில் இருந்தபடியே, "போயிட்டு வாடா, மணி" என்றார்.

சிறுவன் நிமிர்ந்து நம்மைப் பார்த்தான். "வருமா, சாமி?"

நாய்க்கு மோட்சம் உண்டென்றோ இல்லையென்றோ திருச்சபை விசுவாசக் கோட்பாடாக எதையும் வரையறுக்கவில்லை. படைப்பனைத்தும் விடுதலைக்காக ஏங்கிப் பெருமூச்சு விடுகிறது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியிருக்கிறார். குருவிகளில் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அவனிடம் இவ்வளவே கூறினோம்: "மணியைக் கடவுள் மறக்கமாட்டார், தம்பி."

அவன் மண்ணை அள்ளிப் போட்டான். தாய் அவன் கையைக் கழுவிவிட்டு, மாமியாருக்குக் கஞ்சி காய்ச்ச உள்ளே சென்றார்.